ஸ்டூவர்ட் ஹால்

ஸ்டூவர்ட் மெக்ஃபெயில் ஹால் (பெப்ரவரி 3, 1932 – பெப்ரவரி 10, 2014) ஜமேக்காவில் பிறந்து ஐக்கிய இராச்சியத்தில் வாழ்ந்த ஊடக ஆய்வாளரும், பண்பாட்டுக் கோட்பாட்டாளரும், சமூகவியல் பேராசிரியரும் ஆவார். பண்பாட்டு ஆய்வுகள் என்ற கல்வித்துறையை உருவாக்கியவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். ஊடகம் அனுப்பும் செய்தியின் பொருள் அனுப்பும் இடத்திலேயே முடிந்துவிடுவதில்லை, பெறுபவரும் அப்பொருளை உருவாக்குவதில் பங்கு கொள்கிறார் என்ற இவரது கருத்து உலகெங்கும் ஊடகவியல், தொடர்பாடல் பாடத்திட்டங்களில் கற்பிக்கப்படுகிறது.

ஹால் முனைவர் பட்டம் பெறவில்லை. தொடங்கிய ஆய்வை இடையில் கைவிட்டார். தனியொருவராக முழுநீள ஆய்வு நூல் எதனையும் தம் வாழ்நாளில் எழுதி வெளியிடவில்லை. இவரது செல்வாக்குப் பெரும்பாலும் கட்டுரைகள், கூட்டாக எழுதிய நூல்கள், விரிவுரைகள், மாணவர்கள் ஆகியவற்றின் வழியாகப் பரவியது.

இளமைக் காலம்

ஹால் ஜமேக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் நடுத்தர வகுப்புக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்போது ஜமேக்கா பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்தது. இவரது தந்தை யுனைடட் ஃபுரூட் கம்பனி என்னும் அமெரிக்க வாழைப்பழ நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பணியாற்றி, வெள்ளையர் மட்டுமே வகித்துவந்த உயர்நிலையை எட்டினார். தாயார் ஆங்கிலேயப் பண்பாட்டையே உயர்ந்ததாகக் கருதியவர்.

குடும்பத்தில் ஹாலே மிகவும் கருமையான நிறம் உடையவர். இவர் பிறந்தபோது தொட்டிலைப் பார்த்த தமக்கை, இந்தக் 'கூலி'க் குழந்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டதாகக் குடும்பத்தில் ஒரு கதை வழங்கியது. ஜமேக்காவில் 'கூலி' என்பது 1845 முதல் ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டுவரப்பட்ட இந்தியரையும் அவர் வழிவந்தோரையும் குறித்த இழிசொல் ஆகும். வேலைக்கான ஊதியத்தைக் குறித்த ஒரு சொல் கடல் கடந்து ஓர் இனத்தாரை இழிவுபடுத்தும் பெயராக மாறியிருந்தது. நிறமும் சொல்லும் மனிதரை எவ்வாறு இடம் பிரித்து நிறுத்துகின்றன என்பதைத் தம் வீட்டிலேயே கண்டதாக ஹால் பிற்காலத்தில் பலமுறை குறிப்பிட்டுள்ளார்.

இவருக்கு 17 வயதாக இருந்தபோது, தமக்கை பார்படோஸ் தீவைச் சேர்ந்த கறுப்பின மருத்துவ மாணவர் ஒருவரை விரும்பினார். நிறத்தைக் காரணம் காட்டிப் பெற்றோர் அதனைத் தடுத்தனர். தமக்கை கடுமையான மனநோய்க்கு ஆளாகி மின்னதிர்ச்சி மருத்துவம் பெற்றார். பண்பாடு என்பது வெளியே மட்டுமன்றி மனிதரின் உள்ளத்திலும் இயங்குகிறது என்பதைத் தமக்கு உணர்த்திய நிகழ்வு இது என்றும், நாட்டை விட்டு வெளியேறும் எண்ணத்தை உறுதிப்படுத்தியதும் இதுவே என்றும் ஹால் கூறியுள்ளார்.

ஆக்ஸ்போர்டும் புதிய இடதுசாரியும்

ஜமேக்கா கல்லூரியில் பயின்ற ஹால் ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று 1951 ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் மெர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர் புதின ஆசிரியர் ஹென்றி ஜேம்ஸ் குறித்து முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார்.

1956 ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடந்தன. சோவியத் படைகள் அங்கேரியில் எழுந்த கிளர்ச்சியை நசுக்கின. பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் சூயஸ் கால்வாயை முன்னிட்டு எகிப்தைத் தாக்கின. சோவியத் வழியையும் ஏகாதிபத்தியத்தையும் ஒருங்கே மறுத்த இளைஞர்கள் 'புதிய இடதுசாரி' என அழைக்கப்பட்டனர். ஹால் ஆய்வைக் கைவிட்டு இவ்வியக்கத்தில் ஈடுபட்டார். 1957 இல் ரஃபேல் சாமுவேல், சார்ள்ஸ் டெய்லர், கேப்ரியல் பியர்சன் ஆகியோருடன் இணைந்து 'யுனிவர்சிட்டீஸ் அண்ட் லெஃப்ட் ரிவியூ' என்ற இதழைத் தொடங்கினார். இது 'த நியூ ரீசனர்' என்ற இதழுடன் இணைந்து 1960 இல் 'நியூ லெஃப்ட் ரிவியூ' ஆனது. அதன் முதல் ஆசிரியர் ஹால் ஆவார்.

ஆசிரியப் பணியின் தொடக்கம்

இதழ்ப் பணியுடன், தென் இலண்டனின் இடைநிலைப் பள்ளிகளில் ஹால் பதிலாசிரியராகப் பணியாற்றினார். தேர்வில் பின்தங்கிய, பெரும்பாலும் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்கள் இப்பள்ளிகளில் பயின்றனர். 1958 இல் இலண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் கரிபியக் குடியேறிகளுக்கு எதிரான வன்முறை நிகழ்ந்தபோது, தாம் கற்பித்த வெள்ளையின மாணவர்கள் சிலர் மாலை வேளைகளில் அங்கு சென்று வருவதை இவர் அறிந்தார். மாணவர்கள் நாளிதழ்களில் இருந்தும் தெருவில் இருந்தும் எதனைக் கற்கிறார்கள் என்ற கேள்வி இவரது பணியில் இக்காலம் முதலே இடம்பெற்றது.

1961 இல் இலண்டன் செல்சி கல்லூரியில் திரைப்படமும் ஊடகமும் கற்பிக்கும் பணியில் சேர்ந்தார். பிரித்தானியாவில் இவற்றைப் பாடமாகக் கற்பித்த முதலாமவர்களுள் ஹாலும் ஒருவர். பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் கல்விப் பணியில் இருந்த பாடி வனலுடன் இணைந்து எழுதிய 'த பாப்புலர் ஆர்ட்ஸ்' என்ற நூல் 1964 இல் வெளிவந்தது. திரைப்படம், ஜாஸ் இசை, துப்பறியும் கதை முதலியவற்றை இழிவானவை என ஒதுக்காமல், அவற்றுள் நல்லதையும் அல்லதையும் பிரித்தறியும் பயிற்சியை மாணவருக்கு அளிக்க வேண்டும் என்பது அந்நூலின் நிலைப்பாடு. அதே ஆண்டு ஹால் கேத்தரின் பாரெட்டை மணந்தார். இவர் பிற்காலத்தில் கேத்தரின் ஹால் என்ற பெயரில் புகழ்பெற்ற வரலாற்றாய்வாளர் ஆனார்.

பர்மிங்காம் நடுவம்

1964 இல் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹோகார்ட், சமகாலப் பண்பாட்டு ஆய்வு நடுவத்தை நிறுவினார். தொழிலாளர் வாழ்வும் வெகுசன வாசிப்பும் குறித்து 1957 இல் இவர் எழுதிய 'த யூசஸ் ஆஃப் லிட்டரசி' நூல் பரவலாக அறியப்பட்டிருந்தது. நடுவத்தின் தொடக்கச் செலவுகளுக்குப் பெங்குவின் பதிப்பகம் நிதியுதவி அளித்தது. ஹோகார்ட்டின் அழைப்பின் பேரில் ஹால் ஆய்வாளராகச் சேர்ந்தார். பின்னர் ஹோகார்ட் யுனெஸ்கோ பணிக்குச் சென்றதால், 1968 இல் பொறுப்பேற்ற ஹால் 1979 வரை நடுவத்தை வழிநடத்தினார்.

நடுவத்தில் மிகச் சில ஆசிரியர்களே இருந்தனர். முதுகலை மாணவர்கள் ஊடகம், இளைஞர் பண்பாடு, பெண்கள், இனம், வேலை எனப் பொருள்வாரியாகக் குழுக்களாகப் பிரிந்து ஆய்வு செய்தனர். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து படித்து, சேர்ந்து எழுதி, சேர்ந்து கையெழுத்திட்டனர். ஆய்வுகள் முதலில் உருட்டச்சுப் படிகளாக வெளியிடப்பட்டன. 1971 முதல் நடுவம் சொந்தமாக ஓர் ஆய்விதழையும் வெளியிட்டது. இளைஞர் குழுக்களின் உடை, இசை, நடத்தை ஆகியவற்றை ஆராய்ந்த 'ரெசிஸ்டன்ஸ் த்ரூ ரிச்சுவல்ஸ்' நூல் 1976 இல் நூலாக வெளிவந்தது.

பால் வில்லிஸ், டிக் ஹெப்டிஜ், ஆஞ்செலா மெக்ராபி, டேவிட் மோர்லி, சார்லட் பிரன்ஸ்டன், ஹேசல் கார்பி, பால் கில்ராய், லாரன்ஸ் குரோஸ்பெர்க் முதலியோர் இந்நடுவத்தில் பயின்றவர்கள். இவர்களுள் பலர் பின்னர் பிரித்தானியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் பேராசிரியர்களாயினர்.

கோட்பாட்டு அளவில் ஹால் இத்தாலிய மார்க்சியரான அந்தோனியோ கிராம்சியின் கருத்துக்களில் இருந்து மிகுதியாகப் பெற்றார். ஆளும் பிரிவினர் வலிமையால் மட்டும் ஆள்வதில்லை. தமது கருத்தே பொதுப்புத்தி என மக்கள் ஏற்கும்படி செய்து ஆள்கிறார்கள் என்பது கிராம்சியின் மேலாதிக்கக் கோட்பாடு. இவ்விசைவு ஒருமுறை பெற்றால் நிலைத்துவிடுவதன்று. நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. எனவே அது கைநழுவவும் கூடும். ஊடகம் இந்த இழுபறி நடக்கும் முதன்மையான களம் என ஹால் கருதினார்.

குறியாக்கமும் குறிவிலக்கமும்

ஹாலின் மிகவும் அறியப்பட்ட கட்டுரை 'தொலைக்காட்சிச் சொல்லாடலில் குறியாக்கமும் குறிவிலக்கமும்' ஆகும். 1973 இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த கருத்தரங்கு ஒன்றுக்காக எழுதப்பட்ட இது, நடுவத்தின் உருட்டச்சுத் தாள் வரிசையில் வெளியானது. சுருக்கிய வடிவம் 1980 இல் 'கல்ச்சர், மீடியா, லேங்குவேஜ்' என்ற தொகுப்பில் இடம்பெற்றது.

அக்காலத் தொடர்பாடல் ஆய்வுகளில் அனுப்புநர், செய்தி, பெறுநர் என்ற நேர்கோட்டு மாதிரி மேலோங்கியிருந்தது. செய்தி தடையின்றிச் சென்று சேர்ந்ததா, அது பெறுநரிடம் என்ன விளைவை ஏற்படுத்தியது என்பவையே முதன்மைக் கேள்விகளாக இருந்தன. பெறுநர் வேறு பொருள் கொண்டால் அது தொடர்பாடலில் நேர்ந்த பழுது எனக் கொள்ளப்பட்டது.

ஹால் இதனை மறுத்தார். உலகில் நடக்கும் நிகழ்வு அப்படியே தொலைக்காட்சியில் வருவதில்லை. அது முதலில் ஒரு 'கதை'யாக ஆக்கப்பட வேண்டும். எதனைக் காட்டுவது, எங்கிருந்து காட்டுவது, யாரைப் பேசவைப்பது, என்ன பெயரிடுவது என்ற முடிவுகள் எடுக்கப்படுகின்றன. இதுவே குறியாக்கம் ஆகும். பார்வையாளர் தமது அறிவு, வாழ்நிலை, பட்டறிவு ஆகியவற்றைக் கொண்டு அதிலிருந்து பொருள் கொள்வது குறிவிலக்கம் ஆகும். இவ்விரண்டும் தனித்தனிச் செயல்கள். ஒன்றுக்கொன்று பொருந்தியே தீரவேண்டும் என்பதில்லை.

அதே வேளை, யாரும் எப்பொருளையும் கொள்ளலாம் என்று ஹால் கூறவில்லை. நிகழ்ச்சியில் ஒரு பொருள் 'விரும்பப்பட்ட' பொருளாக முன்னிறுத்தப்படுகிறது. அதற்குச் சமூக அதிகாரத்தின் துணை உண்டு. அதனை எதிர்கொள்வதில் மூன்று நிலைகளை இவர் வகுத்தார். இவ்வகுப்பில் சமூகவியலாளர் ஃபிராங்க் பார்க்கினின் கருத்துக்கள் பயன்பட்டன.

1. மேலாதிக்க வாசிப்பு – முன்னிறுத்தப்பட்ட பொருளைப் பார்வையாளர் அவ்வாறே ஏற்றுக்கொள்வது.
2. பேரப்பட்ட வாசிப்பு – பொதுக்கருத்தை ஏற்றுக்கொண்டு, தம் நிலைமைக்கு மட்டும் விலக்குக் கோருவது.
3. எதிர் வாசிப்பு – சொல்லப்பட்டதை முழுதாகப் புரிந்துகொண்டே, வேறொரு சட்டகத்தில் வைத்து மறுப்பது.

கட்டுரையில் ஹால் தரும் எடுத்துக்காட்டு ஊதியக் கட்டுப்பாடு பற்றியது. விலைவாசி உயர்வைத் தடுக்க அனைவரும் குறைந்த ஊதியத்தை ஏற்க வேண்டும், அதுவே நாட்டு நலன் என்று தொலைக்காட்சியில் கூறப்படுகிறது. அதனைச் சரியென்றே ஒப்புக்கொள்ளும் தொழிலாளி, தமது ஊதியத்துக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கவும் தயங்குவதில்லை. இது பேரப்பட்ட வாசிப்பு ஆகும். 'நாட்டு நலன்' என்று கேட்கும்போதெல்லாம் அதனை 'வர்க்க நலன்' என்று மாற்றிப் படிப்பவர் எதிர் வாசிப்பு செய்கிறார்.

நேஷன்வைட் ஆய்வு

இக்கோட்பாட்டை நடைமுறையில் சோதிக்க டேவிட் மோர்லி, பிபிசியின் மாலை நேர நிகழ்ச்சியான 'நேஷன்வைட்'டை 29 குழுக்களுக்குத் திரையிட்டு அவர்களுடன் உரையாடினார். முடிவுகள் 1980 இல் நூலாக வெளிவந்தன. வர்க்கம் மட்டுமே வாசிப்பை முடிவு செய்யவில்லை என்று அவர் கண்டார். தொழில் பழகுநர்கள் தொழிலாளர் வகுப்பினராக இருந்தும் வங்கி மேலாளர்களைப் போலவே மேலாதிக்க வாசிப்பின் பக்கம் சாய்ந்தனர். தொழிற்சங்க நிகராளிகள் எதிர் வாசிப்பு செய்தனர். கறுப்பின மாணவர் குழுக்கள் சிலவோ, தங்களுக்கு அந்நிகழ்ச்சியுடன் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று ஒதுங்கி நின்றன. பார்வையாளர் ஆய்வு என்னும் துணைத்துறை வளர இப்பணி வழிவகுத்தது.

நெருக்கடியும் காவலும்

1972 நவம்பரில் பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் பதின்ம வயதினர் மூவர் ஒருவரைத் தாக்கிக் கடுமையாகக் காயப்படுத்தினர். அவர்கள் பறித்தது 30 பென்சு, சில சாவிகள், ஐந்து சிகரெட்டுகள். 1973 மார்ச்சில் ஒருவருக்கு 20 ஆண்டுகளும் மற்ற இருவருக்குத் தலா 10 ஆண்டுகளும் தடுப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. இத்தண்டனையின் கடுமையே ஹாலும் சார்ள்ஸ் (சாஸ்) கிரிச்சர், டோனி ஜெஃபர்சன், ஜான் கிளார்க், பிரையன் ராபர்ட்ஸ் ஆகியோரும் மேற்கொண்ட நீண்ட ஆய்வுக்குத் தூண்டுதலாக அமைந்தது. அவ்வாய்வு 'பொலீசிங் த கிரைசிஸ்' என்ற பெயரில் 1978 இல் வெளிவந்தது.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது 'மக்கிங்' என்ற சொல்லை. தெருவில் தாக்கிப் பறிப்பதைக் குறிக்கும் இச்சொல் அமெரிக்காவில் வழங்கியது. அங்கு அது கறுப்பினத்தவர், சேரி, நகரச் சீர்குலைவு ஆகியவற்றின் நினைவுகளையும் சுமந்திருந்தது. 1972 ஆகஸ்டில் இலண்டனில் நடந்த ஒரு கொலையைச் செய்தியாக்கிய நாளிதழ் இச்சொல்லைப் பயன்படுத்தியது. அடுத்த 13 மாதங்களில் நாடெங்கும் 'புதிய குற்ற அலை' பற்றிய செய்திகள் பெருகின. ஆனால் 'மக்கிங்' எனச் சட்டத்தில் ஒரு குற்றம் இல்லை. எனவே அது பெருகியது எனக் காட்டத் தனியான புள்ளிவிவரமும் இருக்க இயலாது என ஆய்வாளர்கள் சுட்டினர். வழிப்பறி பிரித்தானியாவுக்குப் புதிதன்று, பெயரே புதிது.

ஊடகப் பணி பற்றிய இந்நூலின் விளக்கம் இன்றும் பாடமாக உள்ளது. செய்தியாளர்கள் பொய் புனைகிறார்கள் என்று இந்நூல் கூறவில்லை. குறித்த நேரத்துக்குள் செய்தி தர வேண்டியிருப்பதாலும், சொந்தக் கருத்தைத் தவிர்த்துத் தகுதியுள்ளவர் கூற்றையே தரவேண்டும் என்ற தொழில் நெறியாலும், அவர்கள் காவல்துறை, நீதிமன்றம், அரசியல்வாதிகள் ஆகியோரையே முதலில் நாடுகிறார்கள். இதனால் நிகழ்வு எத்தகையது என்பதை முதலில் வரையறுக்கும் வாய்ப்பு அவர்களுக்கே கிடைக்கிறது. இவர்களை நூல் 'முதன்மை வரையறுப்போர்' என்றது. பின்னர் பேசுபவர் மறுப்பதானாலும் அந்த வரையறையை ஒட்டியே பேச வேண்டியுள்ளது. இவ்வாறு நடுநிலையான தொழில் நடைமுறையே அதிகாரத்தின் பார்வையை மறுபதிப்புச் செய்கிறது. பொருளாதார நெருக்கடியின் அச்சங்கள் கறுப்பின இளைஞன் என்ற உருவத்தின் மீது ஏற்றப்பட்டு, கடுமையான அரசு ஒன்றுக்கு மக்களின் இசைவு திரட்டப்பட்டது என்பது நூலின் முடிவு.

தொலைக்காட்சியில்

ஊடகத்தை ஆராய்ந்த ஹால் ஊடகத்திலும் தோன்றினார். பொதுமக்கள் அமைப்புகளுக்கு நேரம் ஒதுக்கிய பிபிசியின் 'ஓப்பன் டோர்' வரிசையில், ஊடக இனவாதத்துக்கு எதிரான இயக்கத்தின் சார்பில் 'இட் எய்ன்ட் ஹாஃப் ரேசிஸ்ட், மம்' என்ற நிகழ்ச்சியை 1979 மார்ச் 1 அன்று நடிகை மேகி ஸ்டீடுடன் இணைந்து வழங்கினார். பிரித்தானிய இந்தியாவைக் களமாகக் கொண்ட பிபிசி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் பெயரைத் திருப்பி இத்தலைப்பு இடப்பட்டது. அத்தொடரில் இந்தியப் பணியாளர் வேடத்தில் நிறம் பூசிய வெள்ளையின நடிகர் நடித்தார். நகைச்சுவைக் காட்சிகளுடன் செய்தி, விவாத நிகழ்ச்சிகளின் துண்டுகளையும் காட்டி, குடியேறிகள் எவ்வாறு எப்போதும் ஒரு 'சிக்கலாக'வே அறிமுகப்படுத்தப்படுகிறார்கள் என்று ஹால் விளக்கினார்.

திறந்த பல்கலைக்கழகம்

1979 இல் ஹால் திறந்த பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார்; 1997 இல் ஓய்வு பெறும்வரை அங்கு பணியாற்றினார். முன்தகுதி கேட்காமல் எவரையும் சேர்த்துக்கொண்டு, அஞ்சல்வழிப் பாடநூல்களாலும் வானொலி, தொலைக்காட்சி விரிவுரைகளாலும் கற்பித்த நிறுவனம் இது. முதுகலை மாணவர்கள் சிலருக்குக் கற்பித்தவற்றைப் பல்கலைக்கழகப் பின்னணி இல்லாத பெரியவர்களுக்குப் புரியும்படி சொல்ல முடிகிறதா என்பதே தம் கருத்துக்களுக்கான சோதனை என ஹால் கருதினார். பிபிசியில் ஒளிபரப்பான விரிவுரைகள் வழியாகப் பதிவு செய்யாதோரும் இவரை அறிந்தனர்.

1997 இல் வெளிவந்த 'பண்பாடு, ஊடகம், அடையாளங்கள்' பாடநூல் வரிசை இக்காலப் பணியின் உச்சம் ஆகும். அவ்வரிசையின் முதல் நூல் சோனி வாக்மேன் என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, உற்பத்தி, நுகர்வு, ஒழுங்குமுறை, பிரதிநிதித்துவம், அடையாளம் ஆகிய ஐந்தும் ஒன்றுடன் ஒன்று இணைந்து இயங்குவதைப் 'பண்பாட்டுச் சுற்று' என விளக்கியது. ஹால் பதிப்பித்த 'ரெப்ரசன்டேஷன்' இவ்வரிசையில் மிகவும் பரவலான நூல். அதில் 1988 சியோல் ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தில் பென் ஜான்சன் வென்ற கணத்தின் ஒளிப்படத்தை ஹால் ஆராய்கிறார். ஜான்சன் ஊக்கமருந்துக் குற்றத்தால் பதக்கம் இழந்தபின் 'நாயகர்களும் வில்லன்களும்' என்ற தலைப்புடன் இதழ் அட்டையில் வெளியான படம் அது. வெற்றியையும் அவமானத்தையும் ஒருங்கே உணர்த்தக்கூடிய படத்தில் இருந்து ஒரு பொருளைத் தேர்ந்து நிறுத்துவது தலைப்பே என்று இவர் காட்டுகிறார்.

அரசியல் எழுத்துக்கள்

மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன், 1979 சனவரி 'மார்க்சிசம் டுடே' இதழில் ஹால் எழுதிய கட்டுரை 'தாட்சரியம்' என்ற சொல்லைப் பரவலாக்கியது. தாட்சர் தேர்தலில் மட்டும் வெல்லவில்லை, மக்களின் பொதுப்புத்தியையே மாற்றி அமைக்கிறார் என்பது இவரது கணிப்பு. வீட்டுச் செலவு, ஒழுங்கு, தன்முயற்சி போன்ற அன்றாடச் சொற்களில் வலதுசாரிகள் பேசியபோது, தொழிலாளர் தங்களுக்கு இயல்பாகவே வாக்களிப்பர் என்று இடதுசாரிகள் எண்ணியிருந்ததை இவர் கடுமையாகக் கண்டித்தார். இக்கட்டுரைகள் 1988 இல் 'த ஹார்ட் ரோட் டு ரினியூவல்' என்ற பெயரில் தொகுக்கப்பட்டன.

அடையாளமும் புலம்பெயர்வும்

1980களின் இறுதியில் இருந்து ஹால் இனம், அடையாளம், புலம்பெயர்வு ஆகியவற்றைப் பற்றி மிகுதியாக எழுதினார். 'பண்பாட்டு அடையாளமும் புலம்பெயர்வும்' (1990) என்ற கட்டுரை கரிபியத் திரைப்படத்தை முன்வைத்து எழுதப்பட்டது. அடையாளம் இறந்தகாலத்தில் முழுமையாகப் புதைந்திருந்து தோண்டி எடுக்கப்படுவது அன்று. வரலாற்றில் தொடர்ந்து உருவாகி வருவது என்று அதில் இவர் வாதிட்டார். புலம்பெயர்ந்தோர் விட்டுவந்த நாடு அவர்கள் விட்டுவந்தபடியே காத்திருப்பதில்லை. ஆகவே திரும்புதல் என்பது பழைய இடத்துக்குத் திரும்புவதாக அமைவதில்லை.

விமர்சனங்கள்

- குறியாக்கக் கோட்பாடு செய்தி நிகழ்ச்சிகளுக்குப் பொருந்தும் அளவுக்குப் புனைவுக்கும் நகைச்சுவைக்கும் பொருந்துவதில்லை என்று கூறப்பட்டது. 'விரும்பப்பட்ட பொருள்' எங்கு உள்ளது, பனுவலிலா ஆய்வாளர் மனத்திலா என்ற கேள்வியும் எழுந்தது. மோர்லியும் தமது ஆய்வின் குறைகளைப் பின்னர் எழுதினார்.
- நிக்கலஸ் கார்னம் முதலிய அரசியல் பொருளாதாரவாதிகள், பண்பாட்டு ஆய்வுகள் பனுவலில் கவனம் செலுத்தி ஊடக உடைமையையும் இலாபத்தையும் புறக்கணிக்கின்றன என்றனர்.
- தாட்சரியத்தை விளக்குகையில் ஹால் கருத்தியலுக்கு மிகையான இடம் தருகிறார் என்று பாப் ஜெசப்பும் பிறரும் 1984 இல் வாதிட்டனர்.
- பர்மிங்காம் நடுவத்தின் ஆய்வுகள் ஆண்களையே மையப்படுத்துகின்றன என்று அங்கிருந்த பெண்கள் குழு எதிர்த்தது. அக்குழுவின் 'விமன் டேக் இஷ்யூ' நூல் 1978 இல் வெளிவந்தது. பெண்ணியத்துக்கு ஆதரவாகப் பேசியும், நடைமுறையில் அதிகாரத்தை விட்டுக்கொடுப்பது தமக்குக் கடினமாக இருந்தது என்றும், தாம் பர்மிங்காமை விட்டு விலகியதற்கு அச்சூழலும் ஒரு காரணம் என்றும் ஹால் ஒப்புக்கொண்டார்.

துறை மூடப்படுதல்

ஹால் விலகிய பின்னர் பர்மிங்காம் நடுவம் இளங்கலைப் படிப்பும் கொண்ட தனித்துறையாக மாறியது. 2001 இல் நடந்த நாடளாவிய ஆராய்ச்சி மதிப்பீட்டில் அத்துறை எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தரம் பெற்றது. இதனை முன்னிட்டு 2002 இல் பல்கலைக்கழக நிருவாகம் பண்பாட்டு ஆய்வுகள், சமூகவியல் துறையை மூடியது. மாணவர்கள் போராடினர், பல நாட்டு அறிஞர்கள் கண்டனக் கடிதங்கள் அனுப்பினர். ஹாலும் முடிவை வெளிப்படையாக எதிர்த்தார். உருட்டச்சுத் தாள்களிலும் பலர் பெயரிட்ட நூல்களிலும் தொடங்கிய துறை, தனித்தனி ஆய்வாளரின் வெளியீடுகளை எண்ணி மதிப்பிடும் முறையின் பின்னணியில் தன் பிறப்பிடத்தில் முடிவுக்கு வந்தது. அப்போது அது பிற நாடுகளின் பல பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டிருந்தது.

இறுதிக் காலம்

ஹால் 1995 முதல் 1997 வரை பிரித்தானியச் சமூகவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். பிக்கு பரேக் தலைமையில் அமைந்து 2000 இல் அறிக்கை அளித்த, பல்லினப் பிரித்தானியாவின் எதிர்காலம் பற்றிய ஆணைக்குழுவில் உறுப்பினராக இருந்தார். 2005 இல் பிரித்தானியக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓய்வுக்குப் பின் கறுப்பின, ஆசிய ஒளிப்படக் கலைஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் துணைநின்ற அமைப்புகளை வழிநடத்தி, 2007 இல் இலண்டனில் திறக்கப்பட்ட ரிவிங்டன் பிளேஸ் கலைமையம் உருவாக உழைத்தார்.

சிறுநீரக நோயால் நெடுங்காலம் துன்புற்ற இவர் 2014 பெப்ரவரி 10 அன்று தமது 82 ஆவது வயதில் இலண்டனில் காலமானார். உடல் ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. இவரது வாழ்வை வானொலி, தொலைக்காட்சிப் பதிவுகளைக் கொண்டும் இவர் விரும்பிய மைல்ஸ் டேவிசின் இசையைக் கொண்டும் சொல்லும் 'த ஸ்டூவர்ட் ஹால் புராஜெக்ட்' ஆவணப்படத்தை ஜான் அகோம்ஃப்ரா 2013 இல் இயக்கினார். பில் ஷ்வார்ஸுடன் நடத்திய உரையாடல்களில் இருந்து உருவான தன்வரலாறு 'ஃபெமிலியர் ஸ்ட்ரேஞ்சர்' 2017 இல் வெளிவந்தது. ஹாலின் கையெழுத்துப் படிகளும் கடிதங்களும், இவரது துறையை மூடிய அதே பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகத்தில் இன்று பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

முக்கிய நூல்கள்

- த பாப்புலர் ஆர்ட்ஸ் (1964, பாடி வனலுடன்)
- ரெசிஸ்டன்ஸ் த்ரூ ரிச்சுவல்ஸ் (1976, டோனி ஜெஃபர்சனுடன் பதிப்பித்தது)
- பொலீசிங் த கிரைசிஸ் (1978, நால்வருடன்)
- கல்ச்சர், மீடியா, லேங்குவேஜ் (1980, பிறருடன் பதிப்பித்தது)
- த ஹார்ட் ரோட் டு ரினியூவல் (1988, கட்டுரைத் தொகுப்பு)
- ரெப்ரசன்டேஷன் (1997, பதிப்பித்தது)
- ஃபெமிலியர் ஸ்ட்ரேஞ்சர் (2017, பில் ஷ்வார்ஸுடன், மறைவுக்குப் பின்)

இவற்றையும் பார்க்க

- பண்பாட்டு ஆய்வுகள்
- அந்தோனியோ கிராம்சி
- ரேமண்ட் வில்லியம்ஸ்
- தொடர்பாடல் கோட்பாடுகள்
- திறந்த பல்கலைக்கழகம்